இருபது பைசாவும் ஏழாயிரத்து இருநூறும்

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி என் வங்கிக் கணக்கில் 20,000 ரூபாய் வரவு வைக்கப்படும். அது சம்பளமோ பென்ஷனோ அல்ல. மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வைத்த ஓய்வுக்காலப் பணத்திலிருந்து வீட்டுச் செலவுக்காக நானே எடுத்துக்கொள்வது. எஸ்.டபிள்யூ.பி. என்று சொல்வார்கள். மாதாமாதம் குறிப்பிட்ட தொகைக்கு நம்முடைய யூனிட்டுகளை விற்றுப் பணமாகத் தரும் ஏற்பாடு.

ஸ்டேட்மென்ட்டில் அந்த 20,000 ரூபாய்ப் பதிவுக்குக் கீழே இன்னொரு சின்னப் பதிவு இருக்கும். எஸ்.டி.டி. 0.20. பங்குப் பரிவர்த்தனை வரி, இருபது பைசா. ஈக்விட்டி வகை, அதாவது பெரும்பாலும் பங்குகளில் போடும் ஃபண்டை விற்றால் 0.001 சதவீதம் என்பது கணக்கு. புதிதாகப் பணம் போட்டால் முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், அதாவது லட்சத்துக்கு ஐந்து ரூபாய். அதுவும் தனிப் பதிவாக அச்சாகியிருக்கும். பைசா சுத்தமாக எல்லாம் காட்டுகிறார்கள் என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அதே மூன்று வருடத்தில் மாதம் ஏழாயிரம் ரூபாய் வரை என் பணத்திலிருந்து கழிந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பரிவர்த்தனைப் பட்டியலில் ஒரு பதிவுகூட இல்லை.

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் தனியார் ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். டீலர் கமிஷன், லாரி வாடகை, வங்கிக் கட்டணம் என்று ஒவ்வொரு ரூபாயையும் வவுச்சரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் தொழில். 2020 மார்ச் 31ஆம் தேதி ஓய்வு பெற்றேன். ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வழியனுப்பு விழா இல்லை, மாலை இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கைக்கு வந்துசேர ஜூலை ஆகிவிட்டது.

அந்த ஏப்ரலில்தான் தபால் அலுவலக சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தின் வட்டியை 8.6இல் இருந்து 7.4 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். அப்போது ஒருவர் அதிகபட்சம் 15 லட்சம்தான் அதில் போட முடியும். முழுவதையும் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 27,750 ரூபாய் வட்டி. பி.எஃப்.போடு சேர்ந்து வரும் இ.பி.எஸ். பென்ஷன் மாதம் நாலாயிரத்துக்குள். முப்பது வருடத்துக்கு மேல் தனியார் ஆலையில் உழைத்தவர்களுக்கு வரும் பென்ஷன் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மீதி இருந்தது 36 லட்சம். வங்கியிலிருந்து ஒரு இளைஞர் வீட்டுக்கே வந்தார். மரியாதையான பையன். "ஃபண்டில் போடுங்க சார், மாதம் இருபதாயிரம் எடுத்துக்கலாம், முதலும் வளரும்" என்றார். மூன்று ஃபண்டுகளைச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். "இதுக்குச் செலவு ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். "உங்க கையிலிருந்து ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டோம் சார்" என்றார்.

அவர் சொன்னது ஒரு வகையில் உண்மை. என் கையிலிருந்து யாரும் எதுவும் வாங்கவில்லை.

2023 அக்டோபரில் மின்னஞ்சலில் வழக்கம்போல ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் வந்தது. எந்தெந்த ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் அறிக்கை. மார்ச், செப்டம்பர் முடிந்து வரும் அரையாண்டு ஸ்டேட்மென்ட்டில் மட்டும் கூடுதலாக ஒரு விவரம் இருக்கும். அந்த ஆறு மாதத்தில் நம் முதலீட்டுக்காக, ஃபண்டை நமக்கு விற்ற விநியோகஸ்தருக்கு (எனக்கு அந்த வங்கி) கொடுத்த கமிஷன் எத்தனை ரூபாய், அந்த ஃபண்டின் மொத்தச் செலவு விகிதம் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2016இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. என் பெட்டியில் ஏற்கெனவே அப்படி ஆறு ஸ்டேட்மென்ட்டுகள் வந்து கிடந்திருக்கின்றன. மதிப்பு ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். அன்றைக்குப் பேத்தியின் பள்ளிக்கூடத்துக்காக ஏதோ பிரிண்ட் எடுக்கும்போது அதையும் சேர்த்து அச்செடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தாளில் படிக்கும்போதுதான் அந்தப் பத்தி கண்ணில் பட்டது. ஆறு மாதக் கமிஷன், மூன்று ஃபண்டுக்கும் சேர்த்து, 21,000 ரூபாய்க்கு மேல்.

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "ஏனுங்க, நமக்கு மாசம் இருபதாயிரம் வருது. அவங்களுக்கு மாசம் எவ்வளவுங்க போகுது?"

அந்தக் கேள்வியை நான் அதுவரை அப்படிக் கேட்டுக்கொண்டதே இல்லை. மொத்தச் செலவு விகிதம் 1.8 சதவீதம் என்று படித்திருக்கிறேன். ஒன்றேமுக்கால், ரெண்டு சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று தாண்டிப் போயிருக்கிறேன். அன்று உட்கார்ந்து ரூபாயில் போட்டேன். அப்போது ஃபண்டில் இருந்தது சுமார் 48 லட்சம். அதில் 1.8 சதவீதம் என்றால் வருடத்துக்கு 86,400. மாதத்துக்கு 7,200. நாங்கள் இருவர் சாப்பிட, மருந்து வாங்க, மின்கட்டணம் கட்ட எடுப்பது இருபதாயிரம். அதே பானையிலிருந்து ஏழாயிரத்து இருநூறு வேறு இடத்துக்குப் போகிறது. வீட்டில் எங்களோடு மூன்றாவதாக ஒருவர் குடியிருந்து சாப்பிடுகிற மாதிரி.

சரி, இது எப்படிக் கழிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் போலப் பலரும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். ஃபண்டு நிறுவனம் நம் கணக்கிலிருந்து கட்டணம் என்று தனியாக எடுப்பதில்லை. வருடத்துக்கு 1.8 சதவீதம் என்றால் அதை 365 ஆல் வகுத்து, தினமும் அந்த ஒரு நாள் பங்கை ஃபண்டின் மொத்தச் சொத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துத்தான் அன்றைய என்.ஏ.வி.யை, அதாவது ஒரு யூனிட்டின் விலையை, அறிவிக்கிறார்கள். நாம் பார்க்கும் விலையே கழித்தது போக வந்த விலை. அதனால் ரசீது இல்லை, வவுச்சர் இல்லை. லாபம் வந்தால்தான் கட்டணம் என்பதும் இல்லை. சந்தை விழுந்த வருடத்திலும் இருக்கிற மதிப்பின் மேல் அதே விகிதம் ஓடும்.

அந்த 1.8இல் ஏறக்குறைய பாதிக்கு மேல் கமிஷன். 2009 ஆகஸ்ட் வரை இது வெளிப்படையாக நுழைவுக் கட்டணமாக இருந்தது. நூறு ரூபாய் போட்டால் இரண்டேகால் ரூபாய் வரை முதலிலேயே கழித்துவிடுவார்கள். அதை செபி ஒழித்தது. 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஃபண்டுக்கும் டைரக்ட் பிளான் என்று ஒன்று கட்டாயமானது. அதே மேனேஜர், அதே பங்குகள், இடையில் விநியோகஸ்தர் மட்டும் இல்லை. 2018இல் முன்கூட்டியே மொத்தமாகக் கமிஷன் கொடுப்பதையும் நிறுத்தி, பணம் உள்ளே இருக்கும்வரை வருடாவருடம் கொடுக்கும் டிரெயில் கமிஷன் மட்டும்தான் என்று ஆக்கினார்கள். என்னுடைய மூன்று ஃபண்டும் ரெகுலர் பிளான், அதாவது விநியோகஸ்தர் வழியாக வாங்குவது. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் அந்தச் சொல் அச்சாகியிருந்தது. 'ரெகுலர்' என்றால் சாதாரணமானது, எல்லாரும் வாங்குவது என்று நினைத்திருந்தேன். அதே ஃபண்டுகளின் டைரக்ட் பிளானைப் பார்த்தால் செலவு விகிதம் 0.8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆக, ஒரு சதவீத வித்தியாசம்.

வேலையில் இருக்கும் ஒருவருக்கு ஒரு சதவீதம் ஒன்றுதான். ஓய்வு பெற்றவருக்கு அதே ஒரு சதவீதம் வேறு. சம்பாதிக்கும்போது நாம் பணத்தை உள்ளே போட்டுக்கொண்டே இருக்கிறோம். எடுப்பதில்லை. கட்டணத்தை ஒப்பிடுவதற்கு எதிரில் மொத்த முதல் மட்டும்தான் இருக்கிறது. எடுத்துச் சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒப்பிட வேண்டியது முதலோடு அல்ல, எடுக்கும் தொகையோடு. 48 லட்சத்தில் வருடத்துக்கு 2,40,000 எடுக்கிறேன். ஐந்து சதவீதம். ஒரு சதவீதம் கூடுதல் கட்டணம் என்பது 48,000. நான் எடுக்கும் ஒவ்வொரு ஐந்து ரூபாய்க்கும் இன்னொரு ரூபாய் வெளியே போகிறது. ஒரு சதவீதம் என்று சொல்லும்போது காதில் விழாதது, ஐந்துக்கு ஒன்று என்னும்போது விழுகிறது.

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது நம் ஊர்ப் பழமொழி. நாங்கள் குந்தித் தின்கிற வயதுக்கு வந்துவிட்டோம். குன்று எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் கேள்வி. பழைய பழக்கத்தில் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டேன். 48 லட்சம் முதல். வருட ஆரம்பத்தில் 2.4 லட்சம் எடுப்பது. விலைவாசிக்காக அடுத்தடுத்த வருடம் ஆறு சதவீதம் கூட்டி எடுப்பது. ஃபண்டு வருடத்துக்கு எட்டு சதவீதம் வளர்ந்தால் பணம் இருபத்தைந்தாவது வருடம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அதே ஃபண்டு, அதே பங்குகள், கட்டணத்தில் ஒரு சதவீதம் மிச்சமாகி ஒன்பது சதவீதமாக வளர்ந்தால் இருபத்தெட்டரை வருடத்தைத் தாண்டுகிறது. ஏறக்குறைய நான்கு வருடம் வித்தியாசம். சந்தை வருடாவருடம் இப்படிச் சீராக வளராது என்பது எனக்குத் தெரியும். 2020 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற்றவன் நான். ஆனால் சந்தை ஏறுவதும் விழுவதும் என் கையில் இல்லை. அந்த ஒரு சதவீதம் என் கையில் இருந்தது. அந்த நான்கு வருடம் எண்பதைத் தாண்டிய பிறகு வரும் நான்கு வருடம். அந்த வயதில் பணம் தீர்ந்தால் பிள்ளையிடம்தான் போய் நிற்க வேண்டும். என் மகன் முகம் சுளிக்க மாட்டான். இருந்தாலும் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

கமிஷனைத் தவிர வேறு ஓட்டைகளும் இருந்தன. எஸ்.டபிள்யூ.பி.க்கு என்று தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் பணம் போட்டு ஒரு வருடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலான ஈக்விட்டி ஃபண்டுகளிலும், பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஹைப்ரிட் ஃபண்டுகளிலும் ஒரு சதவீதம் எக்ஸிட் லோடு, அதாவது வெளியேறும் கட்டணம் உண்டு. சில ஃபண்டுகளில் பத்து சதவீத யூனிட்டுகள் வரை லோடு இல்லாமல் எடுக்கலாம் என்று விலக்கு இருக்கும். முதலில் போட்ட யூனிட்டுதான் முதலில் விற்கப்பட்டதாகக் கணக்கு. என்னுடைய எஸ்.டபிள்யூ.பி. 2021 ஜனவரியில் தொடங்கியது. பணம் போட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. முதல் வருடச் செலவுக்கான பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயோ, குறுகியகாலக் கடன் பத்திரங்களில் மட்டும் போடும் லிக்விட் ஃபண்டிலேயோ வைத்துக்கொண்டு, ஒரு வருடம் முடிந்த பிறகு தொடங்கியிருக்கலாம். அதை யாரும் சொல்லவில்லை.

அதைவிட எனக்கு வருத்தமானது 2021 ஜூலையில் நடந்தது. முதலில் வந்த பையனுக்கு இடமாற்றம் ஆகி, புதிதாக ஒருவர் வந்தார். "சார், இந்த ஃபண்டு சுமாராத்தான் போகுது, புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்றார். பத்து மாதம்கூட நிறையாத ஒரு ஃபண்டிலிருந்து 6.8 லட்சத்தை எடுத்து இன்னொன்றில் மாற்றினோம். எக்ஸிட் லோடு 6,800 ரூபாய். புது ஃபண்டில் ஒரு வருட லோடு மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பம். மாற்றியதால் எனக்கு என்ன நன்மை வந்தது என்று இன்றுவரை தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. ஃபண்டை மாற்றச் சொல்லி யார் வந்தாலும் மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்: லோடு எத்தனை ரூபாய், வரி எத்தனை ரூபாய், புது ஃபண்டின் செலவு வருடத்துக்கு எத்தனை ரூபாய். சதவீதத்தில் வேண்டாம், ரூபாயில்.

இன்னொன்று நானாகக் கண்டுபிடித்தது. என்னிடம் இருந்த ஹைப்ரிட் ஃபண்டில் நூறு ரூபாயில் முப்பத்தைந்து ரூபாய் போலக் கடன் பத்திரங்களில் இருந்தது. அந்தப் பத்திரங்கள் ஏழு சதவீதம் சம்பாதிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் சேர்த்துத்தான் 1.8 சதவீதம் கழிகிறது. கைக்கு வருவது 5.2. அரசாங்கம் எந்தக் கட்டணமும் இல்லாமல் தபால் அலுவலகத்தில் அதைவிட அதிகம் தருகிறது. பங்குச் சந்தை மேனேஜருக்குக் கொடுக்கும் கூலியை, வெறுமனே வட்டி வாங்கி வைக்கும் பணத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2023 ஏப்ரலில் சீனியர் சிட்டிசன் திட்டத்தின் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்திவிட்டார்கள், வட்டியும் 8.2 ஆனது. மனைவி பெயரில் அறுபது வயது முடிந்ததும் அங்கே ஒரு கணக்குத் தொடங்கினோம். வட்டிக்கு இருக்கும் பணம் வட்டி தரும் இடத்திலும், வளர வேண்டிய பணம் மட்டும் ஃபண்டிலும் என்று பிரித்துக்கொண்டதில் பாதிச் செலவு தானாகக் குறைந்தது.

இனி மாற்றிய கதை. ரெகுலரில் இருந்து டைரக்டுக்கு மாற்றுவது ஒரு படிவம்தான். ஆனால் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அது விற்று வாங்குவது. லாபத்துக்கு வரி உண்டு. ஆத்திரத்தில் அடுத்த நாளே எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் பதினாறு லட்சம் லாபத்துக்கும் ஒரே வருடத்தில் வரி கட்டியிருப்பேன். ஆடிட்டர் ஒருவரிடம் போனேன். என் கூட வேலை பார்த்தவரின் மகள்தான் அந்த ஆடிட்டர். "அங்கிள், அவசரப்படாதீங்க, மார்ச்ல கொஞ்சம், ஏப்ரல்ல கொஞ்சம் மாத்துங்க. ரெண்டு வாரத்துல ரெண்டு நிதியாண்டு கிடைக்கும்" என்றார்.

அப்போது நீண்டகால லாபத்தில் வருடத்துக்கு முதல் ஒரு லட்சத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் பத்து சதவீதம். அதோடு எனக்கு வேறு வருமானம் குறைவு. அடிப்படை வரி விலக்கான மூன்று லட்சத்தில் வட்டி வருமானம் போக மீதி இடம் இருந்தது. அந்த இடத்தில் இந்த லாபத்தையும் வைத்துக் கழித்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் சட்டம் தரும் சலுகை. 2024 மார்ச் கடைசி வாரத்தில் 15 லட்சம், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் 10 லட்சம் மாற்றினேன். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து வரி சுமார் 31,000 ரூபாய் வந்தது. மாற்றிய 25 லட்சத்தில் மிச்சமாவது வருடத்துக்கு 25,000. கட்டிய வரி பதினைந்து மாதத்தில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு மிச்சமாவதெல்லாம் எங்களுக்கு.

2024 ஜூலை 23 முதல் கணக்கு மாறிவிட்டது. விலக்கு 1.25 லட்சம், அதற்கு மேல் வரி 12.5 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு நான்கு லட்சம். என்னைப் போல வேறு வருமானம் குறைவாக உள்ளவர்கள் ஒரே வருடத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் லாபத்தை வரி இல்லாமலே எடுக்க இதில் வழி இருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்களே, அந்தத் தள்ளுபடி இந்த மூலதன லாபத்துக்குப் பொருந்தாது. அதை நம்பி மொத்தமாக விற்றுவிடாதீர்கள்.

மீதி ரெகுலர் யூனிட்டுகளை அப்படியே விட்டேன். ஆனால் வீட்டுச் செலவுக்கான எஸ்.டபிள்யூ.பி. அதிலிருந்துதான் போகிறது. அதிகக் கட்டணம் உள்ள பானையை முதலில் காலி செய்வது ஒரு காரணம். டைரக்டில் புதிதாக வாங்கிய யூனிட்டுகளுக்கு ஒரு வருடம் லோடு ஓடும், அதுவரை அதைத் தொடக் கூடாது என்பது இன்னொரு காரணம். இது தவிர இரண்டு வருடச் செலவான 4.8 லட்சத்தை லிக்விட் ஃபண்டின் டைரக்ட் பிளானில் தனியாக வைத்திருக்கிறேன். அதன் செலவு 0.2 சதவீதத்துக்குள். சந்தை மோசமாக விழுந்தால் பங்கு ஃபண்டைத் தொடாமல் அதில் எடுத்துக்கொள்ளலாம். பங்கில் புதிதாகப் போடுவது என்றால் இப்போது நிஃப்டியில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டு மட்டும்தான். அங்கேயும் டைரக்ட் பிளானில் 0.2 சதவீதத்துக்குக் குறைவாகவே பல கிடைக்கின்றன. என் மகன் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் இருக்கிறான். அங்கே பணத்தை நிர்வகிக்கும் கட்டணத்துக்கு அப்போது உச்சவரம்பே 0.09 சதவீதம் என்று அவன் காட்டியபோது, நான் கொடுத்துக்கொண்டிருந்ததில் இருபதில் ஒரு பங்கு அல்லவா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைரக்டுக்குப் போனால் எல்லாம் நாமே பார்க்க வேண்டும். எனக்கு அதில் ஒரு பயம் இருந்தது, இன்னமும் கொஞ்சம் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனைவி இதை எப்படிச் சமாளிப்பார்? அதனால் செபியில் பதிவு செய்த, கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகர் ஒருவரிடம் போனோம். ஆலோசனைக்குக் கட்டணம் வாங்கும் வாடிக்கையாளரிடம் அவர் கமிஷனும் சேர்த்து வாங்க முடியாது, விதி அப்படி. பதினைந்தாயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். காசோலை எழுதும்போது கை தயங்கியது உண்மை. ஏழாயிரத்து இருநூறு மாதாமாதம் போனபோது தயங்காத கை. கண்ணுக்குத் தெரியாமல் போகும் லட்சத்தைவிட, பில்லாக வரும் ஆயிரம்தான் வலிக்கிறது. இந்த வலி எனக்கு வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். வலித்தால்தான் அடுத்த வருடம் அது தேவையா என்று கேட்பேன். அவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து நாமினி, கூட்டுக் கணக்கு, எது எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். என் மனைவி அதை ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்திருக்கிறார். இப்போது ஐந்தாம் தேதி பணம் வந்ததா என்று பார்ப்பது அவர்தான்.

2025 அக்டோபரில் வந்த ஸ்டேட்மென்ட்டில் ஆறு மாதக் கமிஷன் ஏழாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது. இரண்டு வருடம் முன்பு இருபத்தோராயிரம். அடுத்த மார்ச்சில் இன்னும் ஒரு பங்கை மாற்றுவேன்.

இதை எல்லாம் முடித்த கையோடு பொள்ளாச்சியில் இருக்கும் என் அக்காவுடைய கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. மாமா 2021இல் கொரோனாவில் போய்விட்டார். ஃபண்டில் 12 லட்சம் இருக்கிறது, எல்லாம் ரெகுலர். கமிஷன் மாதத்துக்கு எண்ணூறு ரூபாய் கணக்கு வந்தது. மாற்றிவிடலாம் என்று படிவத்தோடுதான் போனேன்.

"அந்தத் தம்பியை விட்டுட்டா?" என்றார் அக்கா.

மாமா இறந்தபோது ஐந்து ஃபண்டு நிறுவனங்களில் யூனிட்டுகளை அக்கா பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. இறப்புச் சான்றிதழ், வங்கி மேலாளர் கையெழுத்து, கே.ஒய்.சி. என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டு காகிதம். அந்த விநியோகஸ்தர்தான் டி.வி.எஸ். வண்டியில் நாலைந்து முறை வந்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். எனக்கே அப்போது ஊரடங்கில் போக முடியவில்லை. இப்போதும் அக்காவுக்கு நடக்க முடியாது என்று வருடா வருடம் பென்ஷனுக்கான உயிர்வாழ்ச் சான்றிதழை அவர்தான் போனில் எடுத்துக் கொடுக்கிறார். ஒரு முறைகூட ஃபண்டை மாற்றச் சொன்னதில்லை. கணக்கைப் புரட்டிப் பார்த்தேன், உண்மை. பதினோரு வருடமாக அதே ஃபண்டுகள்.

"அக்கா, மாசம் எண்ணூறு ரூபாய் அவருக்குப் போகுது. அது உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்றேன்.

"நீ சொன்னா ஆச்சா? நான் அந்தத் தம்பியையே கேக்கறேன்" என்றார். அடுத்த வாரம் போனில் சொன்னார். "கேட்டேன். ஆமாங்கம்மா, எண்ணூறு கிட்ட வரும்னு மறைக்காம சொல்லிட்டான். சரி, இருக்கட்டும் விடு."

படிவத்தை நான் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அக்கா வீட்டுச் சமையலறையில் பால் கணக்கு எழுதும் காலண்டர் தொங்கியது. மாதக் கடைசிக் கட்டத்தில் அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தது: பால் 1,440. கேபிள் 250. ஃபண்டு தம்பி 800.